உழைச்செல்வானும் கண்காணியும்: நோயாளர் உண்பனவற்றைக் கவனித்தல் பற்றிய ஒரு சொல் வரலாறு

நோயாளர் எதை உண்கிறார், எதைப் பருகுகிறார், எம்மருந்தை எவ்வளவு உட்கொள்கிறார் என்பவற்றைப் பிறர் கவனித்து வருதல் மருத்துவத்தோடு உடன்பிறந்த செயல். ஆயினும் அச்செயலைக் குறிக்கும் சொற்கள் ஒரே பொருளில் நின்றவை அல்ல. கவனிப்பவர் யார், யார்பொருட்டுக் கவனிக்கிறார், கவனிக்கப்படுவது உணவா மருந்தா என்னும் இவை மாறிய காலங்களில் சொல்லும் மாறியது; சொல் மாறாவிடத்து அதன் பொருள் மாறியது. தமிழில் நிகழ்ந்த இம்மாற்றத்தைக் காசநோய் மருத்துவத்தை நடுவாக வைத்து இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. காசநோயைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. நோயாளரின் உணவையும் மருந்தையும் தனித்தனியே அளந்து, இரண்டில் எது இன்றியமையாதது என்று கேட்ட ஆய்வொன்று 1956ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னையில் நடைபெற்றது. அதன் விடை உலகின் காசநோய்த் திட்டங்களை மாற்றியது. தமிழ்ச் சொற்களுக்கு அவ்விடை செய்தது என்ன என்பது இதுவரை போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

தமிழில் மருத்துவக் கலைச்சொல்லாக்கம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளன. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர்த் தமிழிலேயே மேலை மருத்துவம் பயிற்றிய சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் குறித்த ஆய்வுகளும் உறுப்பு, நோய், வேதிப்பொருள் ஆகியவற்றுக்கு அவரும் அவர்தம் மாணவரும் இட்ட பெயர்களையே மிகுதியும் பேசுகின்றன. மருந்தை ‘உண்பதா’, ‘குடிப்பதா’, ‘போடுவதா’, ‘எடுத்துக்கொள்வதா’ என்னும் வினைச்சொல் வரலாறு எழுதப்படாமலே இருக்கிறது. நோயாளரோடு பேசும் இடத்தில் பெயரைவிட வினையே பிழைக்கு இடந்தருவது என்பதை மொழிபெயர்ப்பாளர் நன்கறிவர்.

அருகிருப்பவன்

திருக்குறளின் மருந்து அதிகாரத்துப் பத்துக் குறள்களுள் ஆறு உணவைப் பற்றியவை. முன் உண்டது செரித்ததா, அளவு எவ்வளவு, ஒவ்வாதது விலக்கப்பட்டதா என்பனவே அவற்றின் பொருள். அதிகாரத்தின் இறுதிக் குறள் (950) மருத்துவத்தின் நான்கு கூறுகளாக நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்போரையும் பொருளையும் எண்ணுகிறது. சரகசங்கிதை சூத்திரத்தானத்தின் ஒன்பதாம் இயலும் மருத்துவன், மருந்து, பணியாளன், நோயாளி என நான்கே கூறும். அங்குப் பணியாளனுக்கு வழங்கும் சொல் ‘உபஸ்தாதா’, அதாவது அருகில் நிற்பவன். ‘உழைச்செல்வான்’ என்பதும் அருகில் இயங்குபவன் என்றே சொல்லமைப்பால் பொருள்படும். மருந்தைப் பிழையின்றி இயற்றுபவன் என்றும், உடனிருந்து கொடுப்பவன் என்றும் உரைகாரர் கொண்ட பொருள்கள் அச்சொல்லின் தொழிற்பொருள்கள். சொற்பொருள் இடத்தைப் பற்றியது.

‘உழை’ தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைப் பொருளாக எண்ணும் இடச்சொற்களுள் ஒன்று. அப்பட்டியலின் முதற்சொல் ‘கண்’ என்பதும் நோக்கத்தக்கது. பின்னர் நாம் காணவிருக்கும் ‘கண்காணி’யில் உள்ள கண் வேற்றுமையுருபு அன்று, உறுப்புப் பெயர். எனினும் நோயாளரைக் கவனித்தல் என்னும் ஒரே பணியை ஒரு காலம் இடத்தால் பெயரிட்டது, மற்றொரு காலம் பார்வையால் பெயரிட்டது என்னும் வேறுபாடு தற்செயலானதாகத் தோன்றவில்லை.

இடத்தால் பெயரிடும் வழக்கம் தென்னாட்டில் மறைந்துவிடவுமில்லை. மலையாளத்தில் மருத்துவமனையில் நோயாளருடன் தங்குபவர் ‘கூட்டிரிப்புகார்’. கேரளத்து ஆங்கிலத்தில் அவரே ‘பைஸ்டாண்டர்’. இங்கிலாந்தில் விபத்தைத் தொலைவில் நின்று வேடிக்கை பார்ப்பவரைச் சுட்டும் அச்சொல் கேரளத்தில் இரவு முழுவதும் கட்டிலருகே கண்விழிப்பவரைச் சுட்டுகிறது. ‘உழைச்செல்வான்’ என்பதற்கு இதனினும் நெருங்கிய ஆங்கிலம் கிடைப்பது அரிது. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் வழங்கும் ‘அட்டெண்டர்’ இவ்வளவு பேறு பெறவில்லை. அலுவலகக் கடைநிலை ஊழியரையும் அதுவே குறிப்பதால் உடனிருக்கும் தாயும் தமக்கையும் பலமுறை ஏவலாளராகவே நடத்தப்படுகின்றனர்.

பத்தியம்

உண்பன, பருகுவன, மருந்து, ஒழுக்கம் ஆகிய அனைத்தையும் ஒருசேரத் தழுவிய சொல் ‘பத்தியம்’. வடமொழிப் ‘பத்ய’ என்பதன் அடி ‘பத’, அதாவது வழி. வழிக்கு உகந்தது, உடலுக்கு ஏற்றது என்னும் உடன்பாட்டுப் பொருளே அங்கு முதன்மையானது. தமிழ்ப் பேச்சுவழக்கில் அது எதிர்மறை சார்ந்த பொருளுக்குச் சாய்ந்தது. உப்பில்லை, புளியில்லை, காரமில்லை, எண்ணெயில்லை என்னும் விலக்குகளின் தொகுதியையே பத்தியம் என்றவுடன் தமிழர் நினைக்கின்றனர். இந்தியில் ஏற்பதற்குப் ‘பத்ய’ என்றும் விலக்குவதற்குப் பாரசீகத்திலிருந்து வந்த ‘பர்ஹேஸ்’ என்றும் இருசொற்கள் நிற்பதால் இச்சாய்வு அங்கு நிகழவில்லை. தமிழில் ஒரு சொல்லே இருசுமையையும் தாங்கியது. ஈழத்தில் மகப்பேற்றுக்குப்பின் தாய்க்குச் சமைத்தளிக்கும் ‘பத்தியக்கறி’யில் பழைய உடன்பாட்டுப் பொருள் இன்னும் வாழ்கிறது.

பத்தியம் ஏற்கும் வினைகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. பத்தியம் ‘இருக்க’ப்படும், ‘பிடிக்க’ப்படும், ‘காக்க’ப்படும், தவறினால் ‘முறியும்’. நோன்பும் விரதமும் ஏற்பவை இவ்வினைகளே. மருத்துவர் பத்தியம் ‘சொல்லுவார்’. அதனை இருப்பவர் நோயாளர். காவல் அவரிடமே உள்ளது. சில வேளைகளில் மருந்துண்பவரும் பத்தியம் இருப்பவரும் வெவ்வேறானவர். பாலுண்ணும் குழந்தைக்கு நோய் வந்தால் தாய் பத்தியம் இருப்பாள். அடுக்களையும் சேர்ந்தே பத்தியம் காக்கும். புளியில்லாக் குழம்பு ஒருவருக்காக வைக்கப்படினும் வீட்டார் அனைவரும் அதனை அறிவர். தவறு உடனே வெளிப்படும் ஓர் ஏற்பாடு அது.

சித்த மருத்துவம் இதனை நுட்பமாகப் பகுத்தது. எல்லாவற்றையும் ஒறுப்பது கடும்பத்தியம். ஆண்பெண் சேர்க்கையையும் சில பொருள்களையும் மட்டும் விலக்குவது இச்சாபத்தியம். மருந்து முடிந்தபின்னும் தொடர்வது மறுபத்தியம். மருந்தோடு கூட்டியோ மருந்தைத் தொடர்ந்தோ அருந்தும் தேன், நெய், பால், வெந்நீர் முதலியன அனுபானம். அளவுகளும் உடலையும் வீட்டையும் சார்ந்தே அமைந்தன. மூன்று விரல் நுனியால் எடுக்கும் பொடி திரிகடி. பூனைப்பாதம் கொள்ளும் அளவு வெருகடி. வேளைக்கு அந்தி, சந்தி, காலத்துக்கு மண்டலம். துல்லியம் குறைவு என்று இவற்றைப் பழிப்போர் உளர். அப்பழிப்பு பெரும்பாலும் பொருந்தியதே. ஆனால் இவ்வளவைகளில் ஒன்றேனும் நோயாளர் வீட்டில் இல்லாத கருவியை வேண்டியதில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

மாத்திரையும் வினைகளும்

மேலை மருத்துவம் தமிழில் குடியேறியபோது ‘மாத்திரை’ என்னும் சொல் ஆயத்தமாக இருந்தது. எழுத்தொலியின் கால அளவுக்குத் தொல்காப்பியம் ஆளும் சொல்லும் அதுவே. கண்ணிமைப்பும் கைந்நொடியும் அதற்கு உரைகல். அளவு என்னும் பொதுப்பொருளிலிருந்து அளவாக உருட்டிய மருந்தைக் குறிக்கத் தலைப்பட்ட இச்சொல், எண்ணத்தக்கது என்னும் குறிப்பையும் தன்னுள் கொண்டுள்ளது. கஷாயத்தையும் லேகியத்தையும் எண்ண இயலாது. மாத்திரையை எண்ணலாம், எஞ்சியதை எண்ணி உண்டதைக் கணக்கிடலாம். ஈழத்தார் வழங்கும் ‘குளிசை’ உருண்டை வடிவத்தை மட்டும் சுட்டுவதால் அதற்கு இக்குறிப்பு இல்லை.

வினைகளில் நேர்ந்த மாற்றம் இதனினும் பெரிது. பழைய வழக்கில் மருந்து உண்ணப்பட்டது, குடிக்கப்பட்டது. உணவுக்குரிய வினையே மருந்துக்கும் உரியது. மாத்திரை வந்தபின் ‘போட்டுக்கொள்’ பரவியது. வெற்றிலை போடுதலும் ஊசி போடுதலும் இதற்குத் துணை நின்றிருக்கலாம். மூன்றாவதாக ஆங்கிலத்தைப் பின்பற்றி ‘மருந்து எடுத்துக்கொள்’ என்பது எழுத்துவழக்கில் நிலைபெற்றது. இக்கட்டுரையாளர் கருத்தில் இம்மூன்றனுள் மிகுந்த இடர்தருவது இதுவே. ‘இந்த வாரம் மருந்து எடுத்துக்கொண்டீர்களா’ என்னும் வினாவுக்கு, மருந்தகத்தில் பெற்றுக்கொண்டேன் என்னும் பொருளிலும் ‘ஆம்’ என்று விடையளிக்கலாம். விழுங்கியதைப் பற்றிக் கேட்டவர் வாங்கியதைப் பற்றிய விடையைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். பொய் சொன்னவர் எவருமில்லை. பதிவு மட்டும் பிழைபடும்.

சென்னை ஆய்வு

1956இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் இணைந்து அதனை அமைத்தன. தொடக்க ஆண்டுகளில் வாலஸ் ஃபாக்ஸ் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அக்காலத்தில் காசநோய்க்கு மருத்துவம் என்றால் ஓய்வு, நற்காற்று, ஊட்டமான உணவு ஆகியவற்றோடு கூடிய காசநோய் மருத்துவமனை வாழ்க்கை என்பதே பொதுக்கருத்து. நாட்டிலோ அதற்கேற்ற படுக்கைகள் இல்லை. வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்த இயலுமா என்பதே கேள்வி.

193 நோயாளர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஓராண்டு மருத்துவமனையில் தங்கினர். மறுபிரிவினர் நெரிசல் மிகுந்த தம் வீடுகளிலேயே இருந்தனர். இரு பிரிவினர்க்கும் ஐசோநயாசிடும் பாஸ் மருந்தும் சேர்ந்த ஒரே மருத்துவம். 1959இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியான அறிக்கையின்படி, ஆண்டிறுதியில் நோய் தணிந்தோர் வீட்டுப்பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 86, மருத்துவமனைப் பிரிவில் 92. உடன் வாழ்ந்த குடும்பத்தாரிடையிலும் வீட்டுமருத்துவத்தால் நோய் மிகுதியாகப் பரவவில்லை என்பது பின்னர் அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது.

உணவைப் பற்றிய முடிவு 1961இல் தனிக்கட்டுரையாக வெளிவந்தது. மருத்துவமனைப் பிரிவினர் உண்டது அளவிலும் ஊட்டத்திலும் மிகச் சிறந்தது. அவர்கள் எடையும் மிகுதியாகக் கூடியது. வீட்டுப்பிரிவினர் குறைவாக உண்டனர், குறைவாகவே எடை கூடினர்; எனினும் நோய் தணிந்ததில் பெரிய வேறுபாடில்லை. தக்க மருந்து முறையாகச் செல்லுமானால், உணவுக் குறை நோய் தணிவதைத் தடுக்கவில்லை என்பதே கண்டறியப்பட்டது. இம்முடிவு கட்டுரையிலிருந்து திட்டத்துக்கும், திட்டத்திலிருந்து பயிற்சி வகுப்புக்கும், அங்கிருந்து நோயாளரிடம் பேசும் பேச்சுக்கும் இறங்கிய வழியில் நிபந்தனைத் தொடர் உதிர்ந்தது. ‘உணவு முக்கியமில்லை, மருந்தே முக்கியம்’ என்னும் தனிவாக்கியம் எஞ்சியது. மொழிபெயர்ப்பில் ‘ஆனால்’, ‘ஆயின்’ என்னும் இடைச்சொற்கள் உதிர்வதால் வரும் கேட்டுக்கு இதனினும் பெரிய சான்று இக்கட்டுரையாளர் அறிந்தவரை இல்லை.

உணவு பின்னுக்குச் சென்றவுடன் கவனம் முழுதும் மாத்திரைமீது குவிந்தது. மருத்துவமனையில் செவிலியர் முன்னிலையில் மருந்து விழுங்கப்பட்டது. வீட்டிலோ எவரும் பார்க்கவில்லை. எனவே முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீர் பெற்று ஃபெர்ரிக் குளோரைடு கலந்தனர். பாஸ் உட்கொண்டவரின் சிறுநீர் நிறம் மாறும், உட்கொள்ளாதவரின் சிறுநீர் மாறாது. நோயாளரின் வாய்மொழிக்கு எதிராக அவர் உடலே சான்று கூறும் ஏற்பாடு இவ்வாறு தோன்றியது. தாமே மருந்துண்ணுதலில் உள்ள சிக்கலைப் பற்றி ஃபாக்ஸ் 1958இலேயே எழுதியிருந்தார். 1964இல் வெளியான மற்றொரு சென்னை ஆய்வில், வாரம் இருமுறை மருத்துவப் பணியாளர் முன்னிலையில் ஸ்ட்ரெப்டோமைசினும் மிகுந்த அளவு ஐசோநயாசிடும் அளிக்கும் முறை நற்பயன் தந்தது. உலகெங்கும் பின்னர் ‘டாட்ஸ்’ எனப் பெயர்பெற்ற முறையின் வேர்களுள் ஒன்று சென்னையில் உள்ளது.

நோயின் பெயரும் இதே காலப்பகுதியில் ஒருமுகப்பட்டது. சயம், கயரோகம் என்பன ‘க்ஷய’ என்னும் தேய்வைக் குறிப்பவை. எலும்புருக்கி என்பது அதே தேய்வைத் தமிழ்க் கண்ணால் கண்டது. இவை நோயை இளைத்த உடலில் கண்ட பெயர்கள். பொதுவழக்காக நிலைத்த காசநோயோ இருமலால் அமைந்தது. ‘காச’ என்பதன் பொருள் இருமல். ஆய்வு முடிவே பெயரை மாற்றியது என்று கூறச் சான்றில்லை. ஆயினும் எடையும் உணவும் மருத்துவத்தின் நடுவிலிருந்து விலகிய காலத்தில் அவற்றை நினைவூட்டும் பெயர்களும் விலகின.

பத்தியத்தின் இழப்பு நோயாளருக்கும் மருத்துவருக்கும் இடையிலான பேச்சில் புலப்படும். மருந்து பெற்றவர் கேட்கும் முதற்கேள்வி இன்றும் ‘என்ன பத்தியம்?’ என்பதே. ‘ஒன்றுமில்லை, எல்லாம் சாப்பிடலாம்’ என்று மருத்துவர் பரிவோடு கூறுகிறார். அவர் கருதியது உணவுத்தடை இல்லை என்பது. கேட்டவரின் சொற்பொருட் புலத்திலோ பத்தியம் என்பது வேளை தவறாமை, காலவரையறை, ஒழுக்கம் ஆகியவற்றோடு பிணைந்தது. பத்தியமில்லா மருந்து கட்டுப்பாடில்லா மருந்தாகவும், வலிமை குன்றிய மருந்தாகவும் பொருள்பட இடமுண்டு. ஆறு மாதம் உண்ணவேண்டிய மருந்தை இரண்டாம் மாதம் இருமல் நின்றவுடன் நிறுத்துவோர்க்கு வேறு பல காரணங்களும் உண்டு. கூலி இழப்பும் பயணத் தொலைவும் மருந்தின் துன்பங்களும் அவற்றுள் முதன்மையானவை. ஆயினும் இச்சொல்லின் பங்கையும் ஒதுக்குவதற்கில்லை. ‘இதற்குப் பத்தியம் ஒன்றே, ஒரு நாளும் மாத்திரை தவறக்கூடாது’ என்று கூறும் மருத்துவர் பழைய சொல்லின் பிணைப்புகளைப் புதிய பணிக்கு ஆளுகிறார். மருந்து முடிந்தபின் தொடரும் கவனிப்புக்கு ‘மறுபத்தியம்’ ஆயத்தமாக இருந்தும் ‘தொடர் கண்காணிப்பு’ என்பதே வழக்கிற்கு வந்தது.

கண்காணி

கண்காணி புதுச்சொல் அன்று. சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளில் கண்காணி செய்வோர் உண்டு. கோயிற் பணிகள் ஒழுங்காக நடைபெறுகின்றனவா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் ஆளெடுத்து, வேலை வாங்கி, கடனில் பிணித்தவர் ‘கங்காணி’. ணகரம் ககரத்தின் முன் ஙகரமானது இயல்பான ஒலியியைபு. பொருள் அடைந்த இறக்கம் வரலாற்றால் வந்தது. பேச்சு வடிவம் அவ்விழிவைச் சுமக்க, ‘கண்காணிப்பு’ என்னும் எழுத்து வடிவம் தூய்மையாக நின்று ஆட்சித்தமிழில் உயர்ந்தது.

எத்துணைப் பொருள்களை அது சுமக்கிறது என்பது வியப்புக்குரியது. காவல்துறை மாவட்டத் தலைவர் கண்காணிப்பாளர். மருத்துவமனைத் தலைவரும் கண்காணிப்பாளர். கடைவாயிலில் பொருத்தியது கண்காணிப்புக் கேமரா. கொள்ளைநோய்ப் பரவலைக் கணக்கெடுப்பது நோய்க் கண்காணிப்பு. தீவிர சிகிச்சையில் நீர் உட்சென்றதையும் வெளியேறியதையும் எழுதுவதும் கண்காணிப்பு. முன்னிருந்து மாத்திரை விழுங்கச் செய்வது நேரடிக் கண்காணிப்பு. ஆங்கிலத்தில் இவை வெவ்வேறு சொற்கள். அவற்றுள் குற்றவாளியை நோக்கும் பார்வைக்கு உரியது ஒன்று, அளவியின் முள்ளை நோக்கும் பார்வைக்கு உரியது மற்றொன்று. தமிழில் இவ்வேறுபாடு அழிந்தது. டாட்ஸ் முறையின் ஆங்கிலப் பெயரில் உள்ள வினைக்குக் ‘காணுதல்’ என்றும், நோன்பு போன்றவற்றைக் ‘காத்தல்’ என்றும் இருபொருள் உண்டு. மொழிபெயர்ப்பு முதற்பொருளையே கொண்டது. தவறென்று கூறவியலாது, திட்டம் கருதியதும் அதுவே.

நிகரான பிற சொற்கள் இல்லாமலில்லை. ‘பார்த்துக்கொள்’ என்பதில் பார்வையும் பேணலும் ஒன்றாகின்றன. ‘கவனிப்பு’ பொருத்தமான சொல். ஆனால் அலுவலக வாயில்களில் ‘கவனித்தல்’ பெற்றுள்ள மற்றொரு பொருளைக் கருதியே மொழிபெயர்ப்பாளர் அதனைத் தவிர்த்திருப்பர் போலும்.

இந்தியாவில் திருத்தியமைக்கப்பட்ட தேசியக் காசநோய்த் திட்டம் 1997இல் தொடங்கி 2006க்குள் நாடு முழுதும் பரவியது. நோயாளர் ஒவ்வொருவர்க்கும் முழு மருத்துவத்துக்கான மருந்தும் அடங்கிய தனிப்பெட்டி ஒதுக்கப்பட்டது. வாரம் மும்முறை மருந்து ஒருவர் முன்னிலையில் விழுங்கப்படவேண்டும் என்பது அன்றைய முறை. அவ்வொருவர் சுகாதாரப் பணியாளராகவோ, அங்கன்வாடிப் பணியாளராகவோ, அக்கம்பக்கத்துக் கடைக்காரராகவோ இருக்கலாம். குடும்பத்தாராக இருத்தல் மட்டும் தொடக்கத்தில் கூடாது என்பது விதி. பாசத்தால் நெகிழ்ந்துவிடுவர் என்னும் அச்சமே காரணமாகலாம். பின்னர் அத்தடை தளர்ந்தது. உழைச்செல்வானை விலக்கிக் கண்காணியை அமர்த்தியதை இவ்வளவு வெளிப்படையாகக் கூறிய விதி வேறில்லை. இத்திட்டம் பல்லாயிரவரைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. பேசப்படுவது அது நோயாளருக்கு எவ்வாறு பெயரிட்டது என்பதே.

அப்பெயர்களைப் பற்றிய எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்தே எழுந்தது. மருந்தை இடையில் விட்டவர் ஆங்கிலத்தில் ‘டிஃபால்ட்டர்’ எனப்பட்டார். கடன் தவணை தவறியவர்க்கும் அதுவே பெயர். நோய் உண்டோ என ஆராயப்படுபவர் ‘சஸ்பெக்ட்’ எனப்பட்டார். காவல் நிலையத்தில் நிறுத்தப்படுபவர்க்கும் அதுவே. 2012இல் காசநோய் ஆய்விதழொன்றில் வெளியான கட்டுரை, நோயாளரைப் பழிக்கும் இச்சொற்களைக் கைவிடுமாறு வேண்டியது. 2013இல் உலக நலவாழ்வு நிறுவனம் தன் வரையறைகளைத் திருத்தி இவ்விரு சொற்களையும் நீக்கியது. இதற்கு முன்னரே, மருந்தை ஒழுங்காக உண்ணுதலுக்கு 1970களில் பரவிய ‘கம்ப்ளையன்ஸ்’ பணிதலைக் குறிப்பதாகக் கருதப்பட்டு, 2003இல் அந்நிறுவனத்தின் அறிக்கையில் ‘அட்ஹியரன்ஸ்’ முன்வைக்கப்பட்டது. தமிழில் முன்னதற்கு ‘இணக்கம்’ என்றும், பின்னதற்குக் ‘கடைப்பிடித்தல்’ என்றும் எழுதலாம். கடைப்பிடித்தல் பத்தியம் ‘பிடித்த’லின் உறவுச்சொல் என்பது மகிழத்தக்கது.

பார்ப்பவரும் இப்போது கருவியாகியுள்ளார். 2010களின் நடுவிலிருந்து இந்தியாவில் வழங்கிய ஒரு முறையில், மாத்திரை அட்டையைச் சுற்றிய உறையின் உட்புறம் தொலைபேசி எண்கள் மறைந்திருக்கும். மாத்திரையைப் பிதுக்கினால்தான் எண் தெரியும். நோயாளர் அவ்வெண்ணை அழைத்துத் துண்டிப்பார். விழுங்கியதற்குச் சான்று ‘மிஸ்டு கால்’. கண்காணிப்பில் கண் இல்லை. பிதுக்கிய மாத்திரை வாய்க்குள் சென்றது என்பதற்கும் சான்றில்லை. ‘எடுத்துக்கொண்டீர்களா’ என்னும் வினாவின் ஐயம் மற்றொரு வடிவில் இங்கும் தொடர்கிறது.

உணவின் மீள்வருகை

1961இல் பின்னுக்குச் சென்ற உணவு அறுபது ஆண்டுகட்குப்பின் மீண்டது. சார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் தலைமையில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வில் 2,800 காசநோயாளரின் வீட்டார் 10,345 பேர் சேர்க்கப்பட்டனர். நோயாளர் அனைவர்க்கும் மாதந்தோறும் உணவுப்பொருள் வழங்கப்பட்டது. வீட்டாரில் ஒரு பிரிவினர்க்கு மட்டும் அது தரப்பட்டது. உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது நூற்றுக்கு 39 குறைந்தது என 2023இல் ‘லேன்செட்’ இதழில் அறிவிக்கப்பட்டது. முதலிரு மாதங்களில் நோயாளரின் எடை கூடுதலும் இறப்பு குறைதலும் தொடர்புடையன என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. சென்னை ஆய்வோடு இது முரண்படவில்லை. முன்னது நோய் தணிவதைக் கேட்டது. பின்னது வீட்டார்க்கு நோய் வருதலையும் நோயாளர் உயிர்பிழைத்தலையும் கேட்டது. சென்னை நோயாளரின் எடைக்கணக்கு அன்றே அச்சில் இருந்தது. வாக்கியத்தைச் சுருக்கியவர்களே அதனை விட்டுவிட்டனர்.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் நோய் கண்டறிந்தவுடன் நோயாளரின் உயரத்தையும் எடையையும் ஒப்பிடுகிறது. மூச்சின் எண்ணிக்கையையும் குருதியின் உயிர்வளியையும் அளக்கிறது. துணையின்றி நிற்க இயலுமா என்று பார்க்கிறது. மிக மெலிந்தோரும் நிற்க இயலாதோரும் மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். எலும்புருக்கி என்று பெயரிட்டவர் கண்ட குறி இப்போது படிவத்தின் ஒரு கட்டத்தில் எண்ணாகப் பதிவாகிறது.

நடுவணரசின் கணினிப் பதிவேட்டுக்கு ‘நிக்ஷய்’ என்று பெயர். தேய்வின்மை என்பது பொருள். காசம் விட்ட இடத்தில் க்ஷயம் மீண்டது. 2018 ஏப்ரல் முதல் நோயாளர் உணவுக்கென மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. 2024 நவம்பரில் அது 1,000 ஆயிற்று. 2022 செப்டம்பரில் தொடங்கிய மற்றொரு ஏற்பாட்டில் உணவுப்பொருள் அளிக்க முன்வருவோர் ‘நிக்ஷய் மித்ரா’ எனப்படுகின்றனர். மித்ரா என்றால் நண்பர். தமிழ் அறிவிப்புகளில் அச்சொல் ஒலிபெயர்ப்பாகவே நிற்கிறது. இவ்வாறு உணவு தருபவர் நண்பராகவும் மருந்தைப் பார்ப்பவர் கண்காணிப்பாளராகவும் ஒரே நோயாளரின் பதிவில் அடுத்தடுத்த வரிகளில் இடம்பெறுகின்றனர். கட்டிலருகே இருந்து உணவையும் மருந்தையும் கையில் எடுத்துக் கொடுப்பவர்க்கு அப்பதிவில் தமிழ்ப்பெயர் இன்னும் இடப்படவில்லை.